ஃபியட்டைக் கொடுத்துவிட்டோம்

எய்யா,

வண்டி இப்போது நம் வீட்டில் இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துக் கடைசியில் சொல்கிற தெம்பு என்னிடம் இல்லை. போன வாரம் சின்ச்வடிலிருந்து அக்காள் தங்கை இரண்டு பேர் வந்து, இழுவை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பாதான் தன் கையால் சாவியைக் கொடுத்தார். இந்த இடத்திலேயே நீ போனை எடுப்பாய் என்று தெரியும். எடுக்காதே. முழுவதையும் படித்து முடி. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். வீட்டில் பேசினால் போதும் என்று நாங்கள் இருந்துவிட்டோம். முடியாவிட்டால் கயல்விழியிடம் கொடு. அவளும் டொரண்டோவில்தானே இருக்கிறாள், திருச்சியில் படித்த பெண், மளமளவென்று வாசித்துவிடுவாள். அவளும் வாசிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். தை மாதம் நம் வீட்டுக்கு வரப்போகிறவள், எங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டே வரட்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வேலை பார்த்த காலமெல்லாம் தொலைபேசி நிலையத்தில் உட்கார்ந்து ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவள்தான் நான். ஆனால் என் பேச்சு என்று வரும்போது, ‘எல்லாரும் நல்லா இருக்கோம், நீ சாப்பிட்டியா’ என்பதற்கு மேல் போகமாட்டேன் என்கிறது.

அந்த ஃபியட் வந்தபோது நீ நான்காம் வகுப்பு. அப்பா பாதுகாப்புத் துறையின் கணக்கு அலுவலகத்தில் இருந்தார். புனே கேம்பில் ஒரு பார்ஸிப் பெரியவர் மகளோடு வெளிநாட்டில் போய் இருக்கப்போகிறார், வண்டியை நல்ல கையில் கொடுக்க நினைக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன மனிதர் ஓட்டிக்கொண்டே வந்துவிட்டார். அப்பாவுக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது. முன்மூக்கு துருத்திக்கொண்டிருக்கும் அந்த மாடலை இங்கே எல்லோரும் ‘டுக்கர் ஃபியட்’ என்றுதான் சொல்வார்கள். டுக்கர் என்றால் மராத்தியில் பன்றி. ‘உங்கப்பா பன்னி வாங்கியிருக்காராமே’ என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று நீ சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முன்கதவு மற்ற கார்களைப்போல் இல்லாமல் எதிர்ப்பக்கமாகத் திறப்பதைப் பார்க்க அதே பையன்கள் நம் வாசலில் வரிசையில் நின்றார்கள், நீ கதவைத் திறந்து திறந்து மூடினாய். வாரம் முழுக்க அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்துவிட்டு வரும் அப்பா, ஞாயிறு காலையில் அந்த வண்டிக்கு அடியில் போய்விடுவார். மதியம் கைநிறைய கிரீஸோடு வெளியே வரும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. அதை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். ஒருவருக்கு ஒரு காலத்தில் பிடித்திருந்தது என்றென்றைக்கும் பிடிக்கும் என்று நாம் இரண்டு பேரும் எடுத்துக்கொண்டோம். பின்னால் வந்த அலைச்சலுக்கெல்லாம் அதுதான் தொடக்கம்.

பார்க்கின்சன் என்று டாக்டர் சொன்னதை உனக்கு உடனே சொன்னோம். சொல்லாதது ஒன்று உண்டு. சொல்லும்படி அதில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் ஸ்வார்கேட் சிக்னலில் விளக்கு பச்சைக்கு மாறியபோது அப்பாவின் கால் பிரேக்கிலிருந்து எழவில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், இவர் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்படியோ வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வண்டியை நிறுத்தி, நீ வாங்கி அனுப்பியிருந்த சாம்பல் நிறக் கவரைப் போட்டு, நான்கு மூலையையும் இழுத்துக் கட்டினார். கட்டுவதற்கு அவருக்கு வெகுநேரம் ஆனது. உதவட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். அதற்குப்பிறகு அவர் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. நான் அதைத் துக்கம் என்று நினைத்தேன். அப்படியே மூன்று மழைக்காலம் அது அந்தக் கவருக்குள் கிடந்தது.

பிறகுதான் நீ கயலைப் பற்றிச் சொன்னாய். நிச்சயம் ஆயிற்று, திருச்சியில் கல்யாணம், புனேயில் வரவேற்பு என்று முடிவாயிற்று. அந்த வாரமே வீடியோவில் வந்து, ‘அம்மா, ரிசப்ஷனுக்கு நானும் கயலும் டுக்கர்லதான் வருவோம். அந்த வண்டி ஓடினா அப்பாவும் ஓடுவாரும்மா. ப்ளீஸ், அத சாக விடாதீங்க’ என்றாய். நான் அப்பாவைப் பார்த்தேன். இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோகப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். ‘பாப்போம்’ என்றார். நம் வீட்டில் ‘பாப்போம்’ என்றால் சரி என்று அர்த்தம். குறைந்தபட்சம் நாம் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

தாயரிப் பக்கம் ஷெட் வைத்துப் பழைய வண்டி பார்க்கிறவர் என்று ஷிண்டேவைக் கண்டுபிடித்தேன். கவரை எடுத்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு எலி. உள்ளே வயரிங் முழுக்கத் தின்று தீர்த்து, பின்சீட்டுப் பஞ்சில் குடும்பம் நடத்தியிருந்தது. ஷிண்டே சிரித்தார். ‘ஹோ ஜாயேகா, ஆன்ட்டி’ என்றார். ஆகிவிடும் என்று அர்த்தம். எதைக் கேட்டாலும் அவருக்கு அதுதான் பதில். நல்ல மனிதர், கைவேலையும் மோசமில்லை, ஆனால் செவ்வாய் என்றால் அடுத்த செவ்வாய், அதற்கும் அடுத்த செவ்வாய். வயரிங் மாற்றியதும் விளக்கு எரிந்தது, டைனமோ செத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. டைனமோவை மும்பைக்கு அனுப்பிக் காயில் சுற்றி வாங்கினோம். இன்ஜின் ஓடிய அன்று மாலையே ரேடியேட்டர் அடியில் குளம் கட்டியது. பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் குலுக்கினால் துரு செதில் செதிலாகக் கொட்டியது, அந்தத் துரு கார்புரேட்டர் வரைக்கும் போய் அடைத்திருந்தது. ஒருநாள் ஷிண்டே டிரைவர் சீட்டின் கீழ் இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிக் காட்டினார். தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஷெட்டின் சிமெண்டுத் தரை தெரிந்தது. இத்தனை காலம் அந்த விரிப்பின் மேல் காலை வைத்துக்கொண்டுதான் நாம் லோஹேகாவுக்கும் ஹிஞ்சேவாடிக்கும் போய்வந்திருக்கிறோம். தரையை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். அந்தச் சூட்டில் பக்கத்திலிருந்த பழைய பெயிண்ட் வெந்து சுருண்டது. அதனால் பெயிண்ட். பெயிண்டுக்காகக் கண்ணாடிகளைக் கழற்றியபோது சுற்றியிருந்த ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதனால் ரப்பர். ஒன்றைச் சரிசெய்தால் அது சும்மா இருக்காது, அடுத்ததைக் கூட்டிக்கொண்டு வரும்.

இதையெல்லாம் ஒரு வேலையாக மட்டும் செய்திருந்தால் முடித்திருப்பேன். ஆனால் அப்பாவை வீட்டில் தனியாக விட முடியாது. மாத்திரை நேரம் தவறினால் உடம்பு மரக்கட்டையாகிவிடும். அதனால் அவரையும் ஆட்டோவில் ஏற்றி ஷெட்டுக்குக் கூட்டிப்போவேன். ஏற்றுவது ஒரு பாடு, இறக்குவது ஒரு பாடு. ஷிண்டே அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுவைத்திருந்தார். அந்த மழைக்காலம் முழுக்க அப்பா அதில் உட்கார்ந்து, பிரித்துப் போட்ட வண்டியைப் பார்த்தபடி இருப்பார். தகரக் கூரையில் மழை கொட்டும், கிரைண்டர் அலறும். நான் நடுநடுவே திரும்பிப் பார்த்து, வண்டியைக் கண்ணாலேயே சரிசெய்துகொண்டிருக்கிறார் என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன். ஷெட்டில் கழிப்பறை சரியில்லை. அதற்காக அவர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். வீட்டுக்கு வந்து அவருக்குச் சட்டை மாற்றி, சோறு வைத்து, ஊட்டாமல் ஊட்டி, படுக்கவைத்தபின் என் முழங்கால் எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருக்கும். அந்த நேரத்தில் உன் வீடியோ வரும். ‘அம்மா, கேமராவத் திருப்பு. ஜன்னலச் சுத்தி இருக்க அந்த பீடிங் ஒரிஜினல் மாதிரி இல்லயே. இன்னொண்ணு நான் கூரியர்ல அனுப்பறேன்’ என்பாய்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நீ தூங்காமல் இணையத்தில் தேடி, எங்கெங்கோ கேட்டு, கதவுக் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி, ஹாரன் வளையம் என்று ஒவ்வொன்றாகச் சுற்றி அனுப்பினாய். அதில் உன் மனசு இருந்தது. பெட்டியைப் பிரிக்கும்போதெல்லாம் எனக்கும் அழுகை வந்திருக்கிறது. ஆனால் எய்யா, தூரத்திலிருந்து ஒன்றைக் காப்பாற்றச் சொல்வது ஒன்று, பக்கத்தில் இருந்து காப்பாற்றுவது வேறு. நீ கல்யாணம் செய்யப்போகிறாய், நாளைக்கு உன் வீட்டிலும் இது வரும். ‘இத விட்டுடாத, இது முக்கியம்’ என்று கயலிடம் எதையாவது சொல்வதற்கு முன்னால், அதன் மறுமுனையை யார் பிடித்துத் தூக்கப்போகிறார்கள் என்று ஒருதரம் எட்டிப்பார். அவளும் உன்னிடம் அப்படியே பார்க்கட்டும். எனக்கும் இதில் பங்கு உண்டு. ‘இந்த வயசுல எவ்வளவு ஓடுறீங்க’ என்று நம் குடியிருப்பு சொசைட்டியில் நாலு பேர் சொல்லும்போது களைப்பையும் மீறி ஒரு மிதப்பு வரும். அதற்காகவும் கொஞ்சம் ஓடினேன்.

கயல் ஒருதரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். உன்னிடம் சொன்னாளா தெரியாது. புடவை நிறம் கேட்கக் கூப்பிட்டவள், பேச்சு முடிகிற நேரத்தில், ‘அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தக் கார் மாமாவுக்கு வேணுமான்னு மாமாகிட்ட யாராச்சும் கேட்டீங்களா?’ என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாற்பது வருஷமாக அவரோடு இருக்கிறேன், இவள் இன்னும் வீட்டுக்குள் கால்கூட வைக்கவில்லை, என்ன கேள்வி இது என்று தோன்றியது. ‘அவர் மனசு எனக்குத் தெரியும்மா’ என்று சொல்லி வைத்துவிட்டேன். கயல், இதை நீதான் வாசிக்கிறாய் என்றால் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, சிரித்துவிட்டு மேலே போ. சிரிக்க உனக்கு உரிமை இருக்கிறது.

தசராவுக்கு முன்னால் வண்டி ஒருவழியாக வீட்டுக்கு வந்தது. பழைய வெண்ணெய் நிறத்திலேயே பெயிண்ட், பிரேக்குக்குப் புது மாஸ்டர் சிலிண்டர், புது கிளட்ச். இங்கே எல்லோரும் செய்வதுபோல் தசராவன்று சாமந்தி மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை செய்தோம். உனக்குப் படம் அனுப்பினேன், நீ இதயம் இதயமாகத் திருப்பி அனுப்பினாய். ரிசப்ஷனுக்கு முன்னால் ஓட்டிப் பழக வேண்டுமே என்று, அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அப்பாவும் கடக்வாஸ்லாவுக்குக் கிளம்பினோம். ஓட்டியது நான். உரிமம் வாங்கி எத்தனையோ காலம் ஆகிறது, ஆனால் ஸ்கூட்டரில் வேலைக்குப் போய்ப் பழகியவளுக்கு ஸ்டியரிங் ஓரத்தில் கியர் வைத்த அந்த வண்டி ஒரு மல்யுத்தம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, ‘மெதுவா, மெதுவா, கிளட்ச்ச சட்டுன்னு விடாத’ என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். ஞாயிறென்றால் சிங்ககட் ரோடு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். பாதி புனே அன்றைக்கு அணையைப் பார்க்கத்தான் கிளம்பும். மழை நன்றாகப் பெய்திருந்ததால் அணை தளும்பிக்கொண்டிருந்தது. ஓரத்தில் நிறுத்தினோம், சுட்ட சோளம் வாங்கினோம், அப்பாவால் கடிக்க முடியாது என்று நான் உதிர்த்துக் கொடுத்தேன். வந்துபோகிறவர்களெல்லாம் வண்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது ஒரு இறக்கத்தில், முன்னால் வண்டிகள் தேங்கி நிற்பதைப் பார்த்துப் பிரேக்கை மிதித்தேன். பெடல் எதிலும் படாமல் நேராகத் தரைக்குப் போய்விட்டது. மறுபடி மிதித்தேன், காற்றை மிதித்ததுபோல் இருந்தது. எனக்கு நேர் முன்னால் ஒரு ஸ்கூட்டர். ஓட்டுகிறவனுக்குப் பின்னால் மனைவி, அவள் தோளில் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை பின்பக்கம் திரும்பி, நம் வண்டியின் மூக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ‘பிரேக் இல்ல!’ என்று கத்தினேன். அப்பா கத்தவில்லை. ‘எடப்பக்கம் ஜல்லி கெடக்கு. அதுல ஏத்து’ என்றார். வீட்டில் தண்ணீர் கேட்கும் குரலில் சொன்னார். சாலை வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல். ஸ்டியரிங்கை ஒடித்து, கைப்பிரேக்கை இழுத்தேன். வண்டி அந்தக் குவியலில் முட்டி ஏறி, பாதி சரிந்து நின்றது. கற்கள் கண்ணாடியில் படபடவென்று விழுந்தன. ஸ்கூட்டர்க்காரர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அவர்கள் பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஆட்கள் ஓடிவந்தார்கள். ‘காகூ, லாகல கா?’ சித்தி, அடிபட்டதா என்று ஒரு பெண் என் கையைத் தடவித் தடவிக் கேட்டாள். எனக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்பு. நாலு பேராக அவரைத் தூக்கிக் கொண்டுவந்து, ஒரு கரும்புச்சாறு கடையின் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ஷிண்டேவுக்குப் போன் போட்டேன், வருகிறேன் என்றார். பிறகு கூட்டம் கலைந்து, நாங்கள் இரண்டு பேரும் மட்டும் அந்தப் பெஞ்சில் இருந்தோம். என் கையும் அப்பாவின் கையும் ஒரேபோல ஆடிக்கொண்டிருந்தன. எதிரே ஜல்லிக் குவியலில் வெண்ணெய் நிற வண்டி, மூக்கில் வாடிய சாமந்தி மாலை.

“எனக்கு இது வேண்டாம்ளா,” என்றார் அப்பா.

“எது? சாறா?”

“வண்டி. கவரப் போட்டு மூடினேன் பாத்தியா, அன்னைக்கே போதும்னு ஆயிட்டு.”

“பெறவு ஏன் வாயத் தொறக்கல? மழையோட மழையா அந்தச் சேர்ல வந்து உக்காந்தீங்களே!”

அப்பாவுக்கு ஒரு வாக்கியம் சொல்ல நேரம் ஆகும், உனக்குத் தெரியும். காத்திருந்தேன். “வீட்ல இருந்தா என் மாத்திர, என் சட்ட, என் கக்கூஸுன்னே கெடக்க. ஷெட்டுக்கு வந்தா ஷிண்டேகிட்ட சண்ட போடுத. சிரிக்க. ஒனக்கு ஒரு வெளிக்காத்து கெடைக்கட்டும்னு நெனச்சேன். நான் வேண்டாம்னு சொன்னா நீ திரும்ப எங்கூட வீட்டுக்குள்ளதான?”

“நான் ஒங்களுக்காகல்லா அலஞ்சேன்!”

“செந்திலுக்கு ஆசைன்னுல்லா சொன்ன?”

“அவன் ஒங்களுக்காகத்தான் கேட்டான். நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு.”

அப்பா எதிரே நின்ற வண்டியைப் பார்த்தார். “அப்ப யாருக்குத்தாம்ளா இந்த வண்டி?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கத் தொடங்கியவள் நிறுத்த முடியாமல் அழுதேன். சாறு கடைக்காரர் பயந்துபோய் இரண்டு தம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டு, காசு வேண்டாம் என்றார். நான் அழுதது விபத்துக்காக இல்லை. அந்த ஸ்கூட்டர் குழந்தையின் முகம் கண்ணுக்குள் நின்றது, அது இருக்கட்டும். அதைவிட, மழை முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இந்த மனிதர் எனக்காக உட்கார்ந்திருக்கிறார், நான் இவருக்காக முழங்காலைத் தேய்த்திருக்கிறேன், நீ உன் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறாய். மூன்று பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு நேசித்தோம், எவ்வளவு களைத்துப்போனோம்! நடுவில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவளையும் நான் வாயடைத்துவிட்டேன்.

ஷிண்டே வந்து அடியில் படுத்துப் பார்த்தார். புது மாஸ்டர் சிலிண்டரின் அழுத்தம் தாங்காமல், பின்சக்கரத்துக்குப் போகும் பழைய பிரேக் பைப் வெடித்திருக்கிறது. மாற்றியது ஒன்று, போனது இன்னொன்று. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய வழக்கமான வார்த்தையைத் தொடங்கினார். ‘வேண்டாம்’ என்றார் அப்பா, தமிழிலேயே. ஷிண்டேவுக்கு அது புரிந்துவிட்டது. அவர்தான் சின்ச்வட் பெண்களைப் பற்றிச் சொன்னார். பழைய வண்டிகளை வாங்கித் தாங்களே பிரித்து மாட்டுகிறவர்கள், டுக்கர் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

அவர்கள் வந்தபோது அப்பா இஸ்திரி போட்ட சட்டை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். வண்டியின் ஒவ்வொரு குறையையும் அவரே சொன்னார்: எந்தக் கதவை எப்படித் தூக்கி மூட வேண்டும், குளிர்காலக் காலையில் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும், இன்னும் மாற்றாத பைப்புகள் எவை. அவ்வளவு பேச்சை நான் அவரிடம் சமீபத்தில் கேட்டதில்லை. எல்லாம் சொல்லி முடித்தபின் இந்தியில் ஒரு கேள்வி கேட்டார். ‘இது உங்களுக்கு நிஜமாகவே வேண்டுமா? இல்லை, ஒருவருக்காக ஒருவர் வாங்குகிறீர்களா?’ அக்காளும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கை சொன்னாள்: ‘இவளுக்கு வேண்டவே வேண்டாம், அங்கிள். எனக்குத்தான் வேண்டும். இவள் என்னைத் திட்டுவதற்காகக் கூட வந்திருக்கிறாள்.’ அப்பா வாய்விட்டுச் சிரித்துச் சாவியைக் கொடுத்தார். சங்கிலி மாட்டி மேலே இழுத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா அழவில்லை. நம் வாட்ச்மேன்தான் ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தினமும் அதன் மேல் டிபனை வைத்துச் சாப்பிட்டுப் பழகியவர்.

ஆகவே எய்யா, ரிசப்ஷனுக்கு நீங்கள் இரண்டு பேரும் எல்லோரையும்போல ஒரு வாடகைக் காரில் வாருங்கள். உனக்கு உண்மையிலேயே அந்த வண்டியில்தான் வர வேண்டும் என்று இருந்திருந்தால், அப்பாவுக்காக இல்லாமல் உனக்காகவே இருந்திருந்தால், அதையும் எழுது. நான் வருத்தப்படுவேன், ஆனால் தெரிந்துகொள்வேன். தெரியாமல் நல்லது செய்துகொண்டே இருக்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. உங்கள் இரண்டு பேருக்கும் நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. விட்டுக்கொடுங்கள், பொறுத்துப்போங்கள் என்று எல்லோரும் மேடையில் ஏறிச் சொல்வார்கள். விட்டுக்கொடுக்கும் முன்னால் வாயைத் திறந்து கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு வருஷம் கூட இருந்தும் எனக்கு அப்பாவின் ‘பாப்போம்’ புரியவில்லை. உங்களுக்கு மட்டும் எப்படிப் புரியும்?

வண்டி போன அன்று மாலை அப்பா என்னிடம், “ஒனக்கு என்ன வேணும்?” என்று கேட்டார். சும்மா கேட்கவில்லை, பதிலுக்குக் காத்திருந்தார். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. என்னோடு வேலை பார்த்த குல்கர்னி அம்மாளின் வீடு தாபோலிப் பக்கம், கடற்கரையை ஒட்டி இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் வா வா என்று கூப்பிடுகிறாள், நான் ஒருதரம்கூடப் போனதில்லை. போக வேண்டும், தனியாக. நீ கல்யாணத்துக்கு வருவதைக் கொஞ்சம் முன்னாலேயே வா. அப்பாவை நீ பார்த்துக்கொள். மாத்திரை நேரமெல்லாம் அவரே சொல்வார், சட்டைப் பித்தானை மட்டும் நீ போட்டுவிட வேண்டும், அவசரப்படுத்தாமல். நான் அங்கிருந்து போன் செய்யமாட்டேன். நீ கூப்பிட்டாலும் எடுப்பேனா தெரியாது. உன்னால் முடியாது என்றால் முடியாது என்று எழுது, வேறு வழி பார்ப்பேன். சங்கடப்பட்டுக்கொண்டு வராதே.

அங்கே போய் என்ன செய்வாய் என்று அப்பா கேட்டார். தெரியவில்லை, முதலில் தூங்க வேண்டும் என்றேன்.

“தூங்கிட்டு வா,” என்றார். “நான் எங்க போயிரப் போறேன்?”

அம்மா